சேவையகம் வாங்குமுன் பொருத்தம் பாருங்கள்

கடந்தகால வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் இணையத்தில் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் றக்வானையைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிராமங்களிலும் வாழும் மாணவி அவற்றைப் பெற டேட்டாவும் வேண்டும், சிக்னலும் வேண்டும். பாடசாலையிலேயே ஒரு சேவையகம் இருந்தால் இச்சுமை பெரிதும் குறையும். ஒருமுறை தரவிறக்கியதை எல்லா மாணவிகளும் பாடசாலை வலையமைப்பில் பார்க்கலாம். பாடசாலையின் இணையப் பக்கத்தையும் அதிலேயே வைத்திருக்கலாம். அதற்கான பணமோ பெற்றோரின் உழைப்பிலிருந்தும் பழைய மாணவிகளின் நன்கொடையிலிருந்தும் வர வேண்டியது. ஆகவே அது வீணாகாத வழியை அறிந்திருப்பது அவசியம்.

சேவையகம் என்பது, கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணினி. உலகின் முதல் வலைச் சேவையகம், 1990இல் ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வகத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியாகும். அதன் மின்னை எவரும் நிறுத்திவிடக் கூடாதென்று சிவப்பு மையில் எழுதிய ஒரு காகிதம் அதில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் பணிசெயல் முறைமை யுனிக்ஸ் வழிவந்தது.

யுனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. பிற்காலத்தில் சன், ஐ.பீ.எம். போன்ற கம்பனிகள் தமது இயந்திரத்தையும் அதற்குரிய யுனிக்ஸையும் சேர்த்தே விற்றன. அப்போது பொருத்தம் பார்க்கும் கவலை வாங்குபவருக்கு இருக்கவில்லை. 1991இல் லினக்ஸும் 1993இல் பிரீ பி.எஸ்.டி.யும் சாதாரண மேசைக் கணினிக்கே இவ்வகை முறைமையை இலவசமாகக் கொண்டுவந்தன. செலவு குறைந்தது, ஆனால் பல கம்பனிகளின் பாகங்களைப் பொருத்தம் பார்த்துச் சேர்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

இந்த இலவச மென்பொருளால் என்ன செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சில நாட்களிலேயே 'சஹானா' என்ற முறைமையை உருவாக்கினர். அது திறந்த மூல மென்பொருளால் ஆனது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் அது பயன்பட்டது.

இனி, பொருத்தம் என்றால் என்ன? ஒவ்வொரு பாகத்தோடும் பேசுவதற்குப் பணிசெயல் முறைமைக்கு 'இயக்கி' எனும் சிறு மென்பொருள் தேவை. பல கம்பனிகள் விண்டோஸுக்கு மட்டுமே இயக்கி எழுதிக் கொடுக்கின்றன. தொலைபேசி வழியாக இணையம் பெற்ற காலத்தில், மலிவான உட்பொருத்து மோடம்கள் தம் வேலையில் பாதியை விண்டோஸ் மென்பொருளிடமே விட்டிருந்தன. லினக்ஸில் அவற்றுட் பல இயங்கவில்லை. மோடம் பழுதல்ல, அதற்குரிய இயக்கிதான் இல்லை.

பளபளப்பைப் பார்த்து மட்டும் கல்லுக்கு விலை பேசுபவர் இரத்தினபுரி மாவட்டத்தில் இல்லை. கணினியிலும் அப்படித்தான். முதலில் பணிசெயல் முறைமையைத் தீர்மானியுங்கள். அடுத்து, அது ஏற்கும் வன்பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். பிரீ பி.எஸ்.டி. ஒவ்வொரு வெளியீட்டுடனும் அத்தகைய பட்டியலைத் தருகிறது. உபுண்டுவும் சான்றளித்த கணினிகளைப் பட்டியலிடுகிறது. பணத்தை அதன் பின்னரே எடுங்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை இவை:

வலையமைப்பு அட்டை: கம்பியால் இணைவதே சேவையகத்துக்கு ஏற்றது. அட்டையின் வணிகப் பெயரை விட, அதிலுள்ள சில்லு எது என்பதே முக்கியம்.

வன்தட்டு: ஒரே அளவான இரண்டை வாங்குங்கள். ஒன்றில் உள்ளதை மற்றதிலும் எழுதி வைக்கும் வசதி லினக்ஸிலேயே உண்டு. அதற்கெனத் தனிச் சாதனம் வேண்டியதில்லை. ஆயினும் வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும்.

வரைகலை அட்டை: விலை உயர்ந்தது தேவையில்லை. அந்தப் பணத்தில் நினைவகத்தை அதிகரிக்கலாம்.

நன்கொடைக் கணினி: 64 பிட் முறைவழியாக்கி உள்ளதா என்று பாருங்கள். 2025இல் வெளியான டெபியன் 13ஐ 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது.

யூ.பீ.எஸ்.: யூ.எஸ்.பி. கம்பியால் சேவையகத்துடன் இணையக்கூடியதை வாங்குங்கள். மின் தடைப்பட்டுப் பற்றரி குறையும்போது கணினி தன்னை ஒழுங்காக நிறுத்திக்கொள்ள இது உதவும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். பிற்பகல் இடிமழையின்போது மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

பட்டியலில் இருந்தாலும் பரிசோதிக்காமல் வாங்காதீர்கள். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு சென்று, வன்தட்டைத் தொடாமலே அந்தக் கணினியை இயக்கிப் பார்க்கலாம். வலையமைப்பு, வன்தட்டு, யூ.எஸ்.பி. யாவும் தென்படுகின்றனவா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இதற்கு இடங்கொடுக்காத கடையில் வாங்காமல் திரும்புவதே நல்லது.

பெற்றோர்களே, இவ்வேலைக்குக் கொழும்பிலிருந்து ஒருவரை அழைத்து வரவேண்டும் என்றில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் உங்கள் மகளால் இதைச் செய்ய முடியும். அடுத்த முறை பாடசாலைக்குக் கணினி வாங்கச் செல்லும் குழுவில் பட்டியலோடும் பென் டிரைவோடும் இரண்டு மாணவிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.