ஆயில் ஃபில்டர் மூடியைத் திறக்க எந்தக் கருவி?

என் தாய்மாமா தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறார். டொயோட்டா பிரியஸ். சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை, “மருமகனே, நீ ஃபிசிக்ஸ் வாத்தியார்தானே, கொஞ்சம் கீழே இறங்கி வா” என்று அழைத்தார். எங்கள் புளோக்குக் கார் நிறுத்துமிடத்தில், அவர் வண்டிக்கு அடியில் ஐம்பது காசு அளவுக்கு எண்ணெய்க் கறை. முந்தைய வாரம்தான் எங்கோ ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றியிருந்தார்.

காக்கி புக்கிட்டில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனோம். வண்டியைத் தூக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. ஆயில் ஃபில்டரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியின் விளிம்பெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. சங்கிலி பதிந்த தழும்புகள் வேறு. ஓரிடத்தில் முடி போன்ற விரிசல். சரியான கருவி இல்லாமல் யாரோ சங்கிலி ரெஞ்சைச் சுற்றித் திருகியிருக்கிறார்கள். அந்த விரிசல் தீவு விரைவுச்சாலையில், பயணி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பெரிதாகியிருந்தால்? எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டால் எஞ்சின் நாசமாகச் சில நிமிடங்களே போதும். வண்டிதான் மாமாவுக்குச் சோறு.

புது மூடி வாங்கிவிடலாம் என்றார் மெக்கானிக். ஆனால் அவருடையது பெரும்பாலும் வேன்களைப் பார்க்கும் பட்டறை. இந்த மூடிக்கான கருவி அவரிடம் இல்லை. “நான் வாங்கி வருகிறேன்” என்று மாமா கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன்.

முன்பென்றால் மாமா நேராகச் சுங்கை ரோட்டுக்குப் போயிருப்பார். தார்ப்பாய் விரித்துப் பழைய ஸ்பேனர்களைக் குவித்து வைத்திருக்கும் அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது எங்களுக்கு இருந்த வழி, சையது ஆல்வி ரோட்டிலிருந்து நடந்து ஜாலான் புசார் பக்கத்துக் கருவிக் கடைகளை ஒவ்வொன்றாகக் கேட்பதுதான். முதல் கடையில் மாமா, “பிரியஸ் ஆயில் ஃபில்டர் சாவி” என்றார். கடைக்கார அங்கிள் காரின் பெயரைக் காதில் வாங்கவே இல்லை. இரண்டே கேள்விகள் கேட்டார்: “எத்தனை மில்லிமீட்டர்? எத்தனை பட்டை?”

இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயில் உலோகத் துகளும் கரியும் சேரும். மடித்த காகிதத்தின் வழியே எண்ணெயைச் செலுத்தி அவற்றைப் பிடித்து வைப்பது ஃபில்டரின் வேலை. 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் உருவாக்கிய பியூரோலேட்டர் வடிகட்டி இதற்கு முன்னோடி. பின்னர் தகரக் குப்பிக்குள் காகிதத்தை அடைத்த ஃபில்டர்கள் வந்தன. மாற்றும்போது குப்பியோடு கழற்றி எறிந்துவிடலாம். கழற்ற முடியாவிட்டால், குப்பியின் குறுக்கே ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருகிவிடுவார்கள். குப்பை ஆகப்போகும் பொருள்தானே, நசுங்கினால் என்ன?

இன்றைய பல கார்களில் அந்தக் குப்பி இல்லை. காகிதச் சுருள் மட்டும்தான் மாற்றப்படுகிறது. அது உட்கார்ந்திருக்கும் கூடும் அதன் மூடியும் வண்டியோடே இருப்பவை. உலோகக் கழிவு குறைகிறது, நல்லதுதான். ஆனால் பழைய முரட்டு வைத்தியம் இங்கே செல்லாது. ஒவ்வொரு முறையும் அதே மூடியைக் காயப்படுத்தாமல் கழற்றி, அதே மூடியைத் திரும்பப் பூட்ட வேண்டும்.

அந்த மூடியின் விளிம்பில் தட்டையான முகங்கள் வரிசையாக இருக்கும். கடைக்காரர்கள் பட்டை என்பது அதைத்தான். மாமாவின் 1.8 லிட்டர் பிரியஸிலும் அதே குடும்பத்து எஞ்சின் உள்ள கொரோல்லா ஆல்டிஸிலும் 14 பட்டைகள். எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 64 மில்லிமீட்டர். பல பிஎம்டபிள்யூ கார்களில் 16 பட்டை, 86 மில்லிமீட்டர். மெர்சிடிஸ் எஞ்சின்கள் பலவற்றில் 14 பட்டை, 74 மில்லிமீட்டர். ஃபோக்ஸ்வாகன் கார்கள் சிலவற்றில் மூடியின் தலையிலேயே சாதாரண நட்டு போல ஆறு முகம் இருக்கும்.

அந்த ஆறு முகத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு தாளில் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள அறுகோணம் வரையுங்கள். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே அளந்தால் ஏறக்குறைய 41.5 மில்லிமீட்டர் வரும். அதாவது மூலைகள் முகங்களைவிட மொத்தம் ஐந்தரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கின்றன. ஸ்பேனர் அரை மில்லிமீட்டர் தொளதொளவென்று இருந்தாலும் அந்த மூலைகளில் மாட்டிக்கொண்டு திருப்பிவிடும்.

இப்போது 64 மில்லிமீட்டர் அகலத்தில் 14 பக்கங்கள் வரையுங்கள். மூலைக்கு மூலை 65.6 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் 1.6 மில்லிமீட்டர்; ஒரு பக்கத்துக்கு 0.8. பக்கங்கள் கூடக்கூட வடிவம் வட்டத்தை நெருங்குகிறது, பிடிமானம் குறைகிறது. 66 மில்லிமீட்டர் கருவியைப் போட்டால் அது மூடியைத் தொட்டும் தொடாமலும் சும்மா சுற்றிவரும். 65 போட்டால் மூலைகளின் நுனியை மட்டும் பிடித்து அவற்றைச் சீவிவிடும். “ஏறத்தாழப் பொருந்துகிறது” என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

பட்டை எண்ணிக்கையும் அப்படித்தான். 14 பட்டை மூடியில் ஒரு முகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 25.7 பாகைத் திருப்பம். 15 பட்டைக் கருவியில் 24 பாகை. ஓரிடத்தில் ஒட்டினால் மற்ற இடங்களில் விலகும்.

விசையைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இந்த மூடியைப் பூட்ட வேண்டிய முறுக்குவிசை 25 நியூட்டன் மீட்டர். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டது போன்ற விசை. இதொன்றும் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் மூடியின் ஆரம் 32 மில்லிமீட்டர்தான். அதே முறுக்குவிசை விளிம்பில் ஏறக்குறைய 780 நியூட்டனாகிறது: 80 கிலோ எடையுள்ள ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். சரியான கருவி இதை 14 பட்டைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை கிலோ அளவு சுமை. பிளாஸ்டிக் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். பொருந்தாத கருவி இரண்டு மூலைகளில் மட்டும் பிடித்தால், ஒவ்வொரு மூலையிலும் 40 கிலோ. சங்கிலி ரெஞ்சோ திருப்புவதோடு நிற்காமல் மூடியை உள்நோக்கி நெரிக்கவும் செய்யும். மாமாவின் மூடியில் நான் பார்த்த விரிசல் அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டும். புது மூடி மெக்கானிக்கின் கைக்கு வந்ததும் நாங்கள் அதை மேசையில் வைத்தே அளந்தோம். பள்ளிக்கூடத்து வெர்னியர் காலிப்பர் போதும். பட்டைகளை முதலில் எண்ணுங்கள். தொடங்கிய பட்டையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 14ஆ 15ஆ என்ற சந்தேகம் தீராது. (எனக்கு மூன்று முறை எண்ண வேண்டியிருந்தது.) இரட்டைப்படை என்றால் ஒரு பட்டைக்கு நேர் எதிரே இன்னொரு பட்டை இருக்கும், காலிப்பரின் தாடைகள் இரண்டும் ஒழுங்காகப் பதியும். ஒற்றைப்படை என்றால் பட்டைக்கு எதிரே மூலைதான் வரும். அந்த அளவை அப்படியே நம்பக்கூடாது.

காலிப்பர் இல்லாதவர்கள் காகிதப் பட்டையைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுப்பார்கள். மாமாவும் அப்படித்தான் செய்தார். 204.5 மில்லிமீட்டர் வந்தது. வகுத்தால் 65.1. “அறுபத்தைந்து!” என்று எழுந்தே விட்டார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். 3.14 வட்டத்துக்கு உரியது. மூடி வட்டமல்ல, பதினான்கு கோணம். அதற்கு வகுக்க வேண்டிய எண் 3.195. இப்போது விடை 64. பள்ளியில் ‘பை’ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 3.14 போடும் என் மாணவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை அகப்பட்டதில்லை.

மறுபடி ஜாலான் புசார். “64, பதினாலு பட்டை.” அங்கிள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலமாரியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். கிண்ணம் போன்ற அலுமினிய வார்ப்பு. நடுவில் ராட்செட் மாட்டச் சதுரத் துளை. மெல்லிய தகரத்தில் செய்ததும் பக்கத்திலேயே பாதி விலைக்கு இருந்தது. விசை கொடுத்தால் அதன் வாய் விரியும், 0.8 மில்லிமீட்டர் பிடிமானம் உள்ள இடத்தில் அந்த விரிவே போதும், நழுவிவிடும். எடுத்துவந்த புது மூடியைக் கடையிலேயே கிண்ணத்துக்குள் போட்டுப் பார்த்தோம். ஆடாமல் உட்கார்ந்தது.

கருவி சரியாக இருந்தும் மூடி திறக்க மறுப்பதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் போன முறை பூட்டியவரின் கை. கசியக்கூடாதே என்று பலம்கொண்ட மட்டும் இறுக்கிவிடுகிறார்கள். கசிவைத் தடுப்பது இறுக்கம் அல்ல, மூடியின் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம். அது தன் பள்ளத்தில் அளவாக நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. மூடி அடிவரை போய்ச் சேர்ந்த பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் மேலும் நசுங்காது. பிளாஸ்டிக்கும் மரையும்தான் அவதிப்படும். ஃபில்டரோடு வரும் புது வளையத்தைப் போட்டு, அதன் மேல் துளி எண்ணெய் தடவி, டார்க் ரெஞ்சில் 25 வைத்து, சொடுக்கென்று சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டியதுகூட இல்லை. டொயோட்டா மூடியின் முகத்திலேயே அச்சு வார்த்திருப்பார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீவக கார் நிறுத்துமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அது நம் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. சாக்கடையில் ஊற்றும் கழிவு எண்ணெய் போய்ச் சேரும் இடம் அதுதான். பட்டறைகள் பழைய எண்ணெயைச் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கின்றன. வேலை அங்கேயே நடக்கட்டும், கருவி உங்களுடையதாக இருக்கட்டும்.

மாமா அப்படித்தான் செய்கிறார். கருவியைத் துணியில் சுற்றி வண்டியின் பின்பெட்டியில் வைத்திருக்கிறார். அடுத்த முறை எண்ணெய் மாற்றப் போனபோது நானும் உடனிருந்தேன். மெக்கானிக் கிண்ணத்தை மாட்டி ஒரு கையால் இழுத்தார், மூடி அசைந்து கொடுத்தது. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணே, அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்றார். எந்தக் கடை என்று மாமா சொல்லவில்லை. ஒரு துண்டுத் தாளில் 64, 14 என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.