கன்னியின் முகக்கோடு

எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்கு விடியுமுன்பே போய்விட வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் வியாபாரிகள் ஆட்டின் வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார்கள், இடுப்பை அமுக்கிப் பார்ப்பார்கள். மடியைப் பார்க்கக் குனிகிறவர் அரிது.

அங்கே நிற்கும் கன்னி ஆட்டை ஒருமுறை பார்த்தால் மறக்காது. கன்னங்கரேலென்ற உடம்பு, கொம்படியிலிருந்து மூக்குவரை முகத்தின் இருபக்கமும் இறங்கும் கோடு. காதின் உட்புறம், வயிறு, கால்களின் உட்பக்கம் எல்லாம் கோட்டின் நிறமே. கோடு வெள்ளையென்றால் பால்கன்னி, பழுப்பென்றால் செங்கன்னி. பக்கத்தில் நெடுங்கால் கொடி ஆடு. வெள்ளை உடம்பில் கருப்புத் தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்பென்றால் செம்போரை. சேலம், தருமபுரிப் பக்கம் போனால் மருந்துக்கும் வெள்ளை இல்லாத சேலம் கருப்பு. இனப் பட்டியலில் சேராத பள்ளை ஆடுகளோ செவலையும் சாம்பலும் புள்ளியுமாக நிற்கும். ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகள்கூட ஒன்றுபோல் இருக்காது.

சுவிட்சர்லாந்தின் சானென் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பால் ஆட்டில் இந்த நிறக் கூத்துக்கு இடமில்லை. தலைமுதல் குளம்புவரை வெள்ளை, மிஞ்சினால் பாலேட்டு நிறம். நல்ல தீவனத்தில் நாளுக்கு 3 லிட்டருக்கு மேலும் கறக்கும். பாலுக்கென்றே பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததில் உடம்பே பின்பக்கம் அகன்று ஆப்புப்போல் ஆகிவிட்டது. வெளுத்த தோல் கடும் வெயிலைத் தாங்காது. கோடையில் விளாத்திகுளத்துக் கரிசலில் மேயவிட்டால் உடைமுள்ளில் அந்தப் பெரிய மடி என்னவாகும்? கன்னியின் மடி சிறியது. குட்டிகள் குடிக்கப் போதும். அதைக் குறையென்று எழுதுகிறவர்கள் ஆட்டின் பின்னால் நடந்தவர்கள் அல்ல.

முகக்கோடு கறிக்கும் உதவாது, பாலுக்கும் உதவாது. கண்ணுக்குப் பிடித்த கிடாயை இனத்துக்கு நிறுத்திய கீதாரிகள், அதாவது மந்தை மேய்ப்பவர்கள், இல்லாமல் அது இவ்வளவு நேராக இறங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

பால் ஆடெல்லாம் சானென் மாதிரி என்றும் சொல்லிவிட முடியாது. உத்தரப்பிரதேசத்து எட்டாவாவின் ஜமுனாபாரி, வளைந்த மூக்கும் தொங்கு காதுமாக ஜமீன்தார் தோரணையில் நிற்கும். அரபு நாட்டு ஆடுகளின் கலப்பில் வந்ததாகச் சொல்லப்படும் தலைச்சேரி ஆட்டில் வெள்ளை, கருப்பு, பழுப்பு எதுவும் வரும். இந்த இரண்டின் கிடாய்களும் இப்போது நம் பட்டிகளுக்குள் வந்துவிட்டன.

ஒரு சனிக்கிழமை சந்தையில் ஒரு பெட்டைக்குட்டி நின்றது. முகத்தில் கோடு பாதியில் நின்றுவிட்டது. காது தாடைக்குக் கீழே தொங்கியது. என்ன ஆடு என்று கேட்டேன்.

"நம்ம ஆடுதான் அண்ணாச்சி. காது மட்டும் வெளியூரு."