உளவு என்ற சொல்லுக்கு அஞ்சிய அமைதிப்படை

1960-இல் காங்கோவுக்குப் படை அனுப்பிய ஐ.நா. சபை, உறுப்பு நாடுகளை வேவு பார்ப்பதாகப் பழி வந்துவிடக் கூடாது என்பதற்காக, அங்கே அமைத்த உளவுப் பிரிவுக்கு ‘இராணுவத் தகவல் பிரிவு’ என்றே பெயரிட்டது. சொல்லில் தொடங்கிய இந்தக் கூச்சம் செயலிலும் படிந்துவிட்டது என்றே கூற வேண்டும். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் இயங்கிய கனால் ஹோட்டலில், அதன் சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோவின் அலுவலக ஜன்னலுக்குக் கீழே வெடிமருந்து ஏற்றிய லாரி வெடித்து, அவர் உட்பட 22 பேர் மாண்டனர்; சிதறிய கண்ணாடித் துண்டுகளே பலரைக் கிழித்தன. இத்தாக்குதலை ஆராய்ந்த, மார்ட்டி அஹ்திசாரி தலைமையிலான குழு, சபையின் பாதுகாப்பு ஏற்பாடே செயலிழந்து கிடந்ததாகக் கண்டது. 2005-இல் பாதுகாப்புக்கெனத் தனித்துறை அமைந்தது. படையினர், போலீசார், குடிமைப் பணியாளர் ஆகியோர் திரட்டும் தகவல்களை ஒன்றுசேர்த்து ஆராயும் கூட்டுப் பகுப்பாய்வு மையங்களும் களத்துக்கு வந்தன. 2017-இல் ஐ.நா. வகுத்த கொள்கை உளவு என்ற சொல்லை வெளிப்படையாக ஏற்றாலும், கள்ளத்தனமான வழிகளை விலக்கியது; நாடுகளோ, செய்தி தந்தவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, தாம் அறிந்ததை அளந்தே தருகின்றன.