ஒரே கதவு எண்ணில் இரண்டு கடைகள்

பழைய கம்ப்யூட்டர்களில் கார்டுகள் மோதிக்கொள்வது ஏன்? தீர்த்துவைப்பது எப்படி?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே செய்ததுபோல வந்தது ஜிஸ்ட் கார்டு. கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வில் முளைத்து, 1988ல் புணேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்தது. அதை பி.சி.க்குள் செருகினால், ஆங்கிலம் மட்டுமே அறிந்த டாஸ் புரோகிராம்கள் தமிழும் மலையாளமும் காட்டின.

அந்தக் காலத்து கம்ப்யூட்டர்கள் பரணுக்குப் போய்விட்டன. அவற்றோடு கணக்குகளும் கடிதங்களும் அச்சேறாத எழுத்துகளும் போயின. யாராவது ஒன்றை இறக்கி, ஃபைல்களை மீட்க ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகுகிறார்கள். திரை உறைகிறது. ‘மதர்போர்டு போச்சு’ என்று தீர்ப்பு. அடுத்து காயலான் கடை. பல நேரங்களில் இந்தத் தீர்ப்பு தவறு. எதுவும் கெட்டிருக்காது. இரண்டு கார்டுகள் சண்டையிட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

சண்டை இரண்டு விதம். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு முகவரி வேண்டும். கடைத்தெருவில் இரண்டு கடைகளுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அடுத்தது ஐ.ஆர்.க்யூ. எனப்படும் அழைப்பு மணி. ‘என்னைக் கவனி’ என்று பிராசஸரைக் கூப்பிட ஒவ்வொரு கார்டுக்கும் தனி மணி தேவை. 1981ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் மொத்தமே 8 மணிகள். 1984ல் வந்த ஏ.டி. மாடலில் 15. கீபோர்டு, ஃபிளாப்பி, ஹார்டு டிஸ்க் என்று பெரும்பாலானவை முன்பே பதிவாகிவிட்டவை. ஐ.எஸ்.ஏ. கார்டுகளுக்குப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கமும் கிடையாது.

மோதல்கள் பெரும்பாலும் பழக்கப்பட்டவைதான். காம் 1, காம் 3 இரண்டுக்கும் மணி எண் 4. காம் 2, காம் 4 இரண்டுக்கும் 3. காம் 1ல் மவுஸ், காம் 3ல் உள்மோடம் என்றால், மோடம் டயல் செய்ததும் மவுஸ் நின்றுவிடும். 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் வந்த பிறகு மோடம் வாங்கியவர்களை அலைக்கழித்த கோளாறு இது. தொடக்ககால சவுண்ட் பிளாஸ்டர் கேட்டது 7ஐ. அது பிரிண்டருக்கு உரியது. என்.இ. 2000 வகை நெட்வொர்க் கார்டு வழக்கமாகக் கேட்பது 3. அங்கே காம் 2 உட்கார்ந்திருக்கும். மீட்க வந்த கார்டே மோதலைக் கிளப்புவது இப்படித்தான்.

தீர்வுக்குப் பொறுமைதான் முக்கியம். முதலில், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பேட்டரியைப் பாருங்கள். 386, 486 போர்டுகளில் உள்ள நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். கசிந்திருந்தால் அகற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்து, ஐ.டி.இ. வகை டிஸ்க் என்றால் அதைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் இன்றைய கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும். அதற்கும் முந்தைய எம்.எஃப்.எம். டிஸ்க் என்றால் அதன் கன்ட்ரோலர் கார்டும் சேர்ந்து இயங்கியாக வேண்டும்.

அப்போது டிஸ்ப்ளே கார்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கார்டின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். திரை வந்ததும் ஸ்விட்சை அணைத்து, டிஸ்க் கன்ட்ரோலரில் தொடங்கி ஒரு கார்டு, பிறகு அடுத்தது. ஒவ்வொன்றின் முகவரியையும் மணி எண்ணையும் தாளில் எழுதுங்கள். எந்தக் கார்டைச் செருகியதும் நின்றதோ, அதுதான் சண்டைக்காரன். அதன் ஜம்பரைக் காலியான எண்ணுக்கு மாற்றினால் போதும். டாஸ் 6ல் உள்ள எம்.எஸ்.டி. புரோகிராம் உதவும், ஆனால் எல்லா கார்டையும் அது கண்டுகொள்ளாது. தாளையே நம்புங்கள்.

மணியைப் பங்கிடத் தெரிந்த பி.சி.ஐ. கார்டுகளும், பிளக் அண்ட் பிளேயை ஆதரித்த விண்டோஸ் 95ம் வந்த பிறகு இந்தத் தலைவலி மெல்ல ஓய்ந்தது. பரணில் உள்ள பெட்டிகளுக்கு அந்த வசதி இல்லை. ஜிஸ்ட் பயன்படுத்திய இஸ்கி குறியீடு 1991ல் இந்தியத் தர நிர்ணயமானது. யூனிகோடில் இந்திய எழுத்துகளின் வரிசையும் அதை ஒட்டியதே. ஆகவே அந்த ஃபைல்களை இன்றைய தமிழாக மாற்ற முடியும். அதற்கு டிஸ்க் ஒரே ஒரு முறை ஒழுங்காகச் சுழல வேண்டும். எடைக்குப் போடும் முன் ஒரு ஜம்பரை மாற்றிப் பார்க்கலாம்.