ஆகாயத்தில் ஒரு வகுப்பறை

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

வானத்தில் விமானம் செல்லும் ஓசை கேட்டால் நிமிர்ந்து பாராதவர் யார்? அதை ஓட்டுபவர் அஞ்சா நெஞ்சர் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் விமானம் ஓட்டக் கற்பவருக்கு முதலில் வேண்டியது துணிச்சல் அன்று, ஒழுங்கு. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் கற்கலாம்?

நம் நாட்டில் 16 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேறியவர் மாணவ விமானி உரிமம் பெறலாம். மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். கண்ணாடி அணிந்து பார்வை சரியாக இருந்தால் அது தடையாகாது. தனியார் விமானி உரிமத்திற்கு 17 வயதும் குறைந்தது 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். விமானத்தை ஓட்டியே ஊதியம் பெற விரும்புவோர்க்கு 18 வயதும் 200 மணி நேரமும் வேண்டும். பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் குறிப்பேட்டில் எழுதப்படும். மாணவ விமானி பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது.

விமானம் பறப்பது ஏன்?

நியூட்டனின் மூன்றாம் விதியை நாம் படித்திருக்கிறோம். விமானத்தின் இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. எஞ்சினும் அதன் முன்னுள்ள சுழல்விசிறியும் விமானத்தை முன்னே செலுத்துவதால்தான் இறக்கையின் மீது காற்று இடைவிடாது ஓடுகிறது. காற்றோட்டம் கெட்டால் விமானம் தாங்கப்படாது. இந்த ஓர் உண்மையை மாணவர் கடைசிவரை மறக்கக் கூடாது.

புறப்படும் முன்

பயிற்சிக்குப் பெரும்பாலும் செஸ்னா 152, செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களையே பயன்படுத்துகிறார்கள். 152-இல் மாணவரும் ஆசிரியரும் மட்டுமே அமரலாம். 172-இல் நால்வர் அமரலாம். ஏறி அமருமுன் மாணவர் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வோர் உறுப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் அளவைக் குச்சியால் பார்ப்பார். பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு கண்ணாடிக் குழாயில் வடித்து வெளிச்சத்தில் பிடிப்பார். பெட்ரோலைவிட நீர் கனமானது. ஒரு துளி இருந்தாலும் அடியில் தங்கித் தெரிந்துவிடும். அந்தத் துளி எஞ்சினுக்குள் சென்றால் நடுவானில் அது நின்றுபோகலாம். மனப்பாடமாகத் தெரிந்தாலும், அச்சிட்ட பட்டியலைப் பார்த்தே ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. 10,000 மணி நேரம் பறந்தவருக்கும் இவ்விதியிலிருந்து விலக்கு இல்லை.

கையும் காலும்

தரையில் விமானத்தைத் திருப்புவது காலால். புதிதாக வருபவர் காரைப் போல் கையால் திருப்பப் பார்ப்பார். விமானமோ நேரே செல்லும்! பறக்கையில் கைப்பிடியை முன்னே தள்ளினால் மூக்கு தாழும். பின்னே இழுத்தால் உயரும். பக்கவாட்டில் திருப்பினால் இறக்கை சாயும். கால் மிதிகள் வாலிலுள்ள சுக்கானை இயக்குகின்றன. இரண்டும் இசைந்து இயங்கினால்தான் திருப்பம் நேர்த்தியாக அமையும்.

மூக்கைத் தாழ்த்து!

இப்பயிற்சியில் மிக முக்கியமான பாடம் 'ஸ்டால்' எனப்படுவது. எஞ்சின் நிற்பது என்று இதைத் தவறாக எண்ணக் கூடாது. மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கையின் மேற்புறத்தில் படிந்து ஓடவேண்டிய காற்று சிதறிவிடுகிறது. எஞ்சின் முழங்கிக்கொண்டே இருக்கும். விமானமோ கீழே விழத் தொடங்கும். அப்போது மனித இயல்பு என்ன சொல்லும்? "மேலே இழு" என்று சொல்லும். இழுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: கைப்பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். காற்று மீண்டும் இறக்கையில் ஒழுங்காக ஓடும். பிறகு மெல்ல உயரலாம்.

விழும்போது தரையை நோக்கித் தள்ளுவதற்குக் கை எளிதில் உடன்படாது. ஆகவே சில ஆயிரம் அடி உயரத்தில், மீள்வதற்கு இடம் இருக்கும்போது, ஆசிரியர் இதை மீண்டும் மீண்டும் செய்ய வைக்கிறார். இறங்குவதற்காகத் தாழ்வாகவும் மெதுவாகவும் திரும்பும் நேரமே இவ்வாபத்து மிகுந்த நேரம். அங்கே யோசிக்க அவகாசம் இல்லை. பழகிய கைதான் காப்பாற்றும்.

வட்டமும் இறக்கமும்

அடுத்துப் பல நாட்கள் ஒரே வேலைதான்: ஓடுபாதையிலிருந்து எழும்பி, சுமார் 1,000 அடி உயரத்தில் நாற்கோணமாகச் சுற்றி, மீண்டும் இறங்குதல். காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். செஸ்னா 172 சுமார் 65 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில், இறங்க வருகிறது. எதிர்க்காற்று 10 நாட் இருந்தால் தரையைப் பொறுத்தவரை வேகம் 55 நாட்தான். குறைந்த தூரத்திலேயே நின்றுவிடலாம்.

வேகமோ உயரமோ சரியில்லை என்று தோன்றினால் இறங்காமல் மீண்டும் எழும்பிச் சுற்றி வர வேண்டும். இது தோல்வி அன்று. பிடிவாதமாக இறங்குபவரைவிட, "இன்னொரு முறை" என்று திரும்புபவரையே நல்ல மாணவர் என்பார் ஆசிரியர்.

தனியாக

ஒருநாள் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "ஒரு சுற்று நீயே போய் வா" என்பார். ஒருவர் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட விரைவாக மேலே ஏறும். பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கும். கூடவே வருவது கற்ற ஒழுங்கு மட்டுமே.

பெண்களும் வானமும்

1936-இல் சரளா தக்ரால் தம் 21-ஆம் வயதில், ஒரு குழந்தைக்குத் தாயாக, சேலை உடுத்தி ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். உஷா சுந்தரம் பெங்களூரு ஜக்கூரிலுள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறினார். பின்னாளில் சென்னையில் புளூ கிராஸ் பிராணி நலச் சங்கத்தைத் தொடங்கிய குடும்பம் அவருடையதே.

விமானப் பயிற்சிக்குச் செலவு மிக அதிகம். எல்லோருக்கும் எளிதில் கிட்டாது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் "பெண்ணுக்கு எதற்கு?" என்ற கேள்விக்கு இவர்கள் எப்போதோ விடை கூறிவிட்டார்கள். பெற்றோர்களே, உங்கள் மகள் கேட்டால் அந்தக் கேள்வியை விட்டு மற்றவற்றை ஆராயுங்கள்.

தோழியரே, நம்மில் பலருக்கு அடுத்த ஆண்டு 16 வயது நிரம்பும். மாணவ விமானியாக அந்த வயது போதும். இன்று அறிவியல் பாடத்தைப் புரிந்து படிப்பதும், சொன்ன வேலையை ஒன்றுவிடாமல் சரிபார்த்துச் செய்வதும், பிழை எனத் தெரிந்தால் தயங்காமல் திரும்பி வருவதும் அதற்கான பயிற்சியே. இவற்றைத் தொடங்க விமானம் தேவையில்லை; நம் வகுப்பறையே போதும்.