ப்ளூஸ் மேடையில் முறை காத்தல்

புது தில்லி: மக்களவைக்கு 2 உறுப்பினர்களை மட்டுமே அனுப்பும் மேகாலயத்தின் பெயர் தலைநகரில் அடிபடுவது அபூர்வம். ஆனால், கிதார் என்று பேச்செடுத்தால் ஷில்லாங்தான் முதலில் நினைவுக்கு வரும். ரூடி வாலாங், டிப்ரிதி கர்பாங்கர் ஆகியோர் 2003-ல் தொடங்கிய 'சோல்மேட்' குழு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 2007-ல் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டியில் பங்கேற்றது.

அமெரிக்கத் தென்மாநிலப் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் துயரில் பிறந்த இசை ப்ளூஸ். 'ஜாம்' எனப்படும் அதன் கூட்டு வாசிப்புக்கு ஒத்திகை கிடையாது. பெரும்பாலான பாடல்கள் 12 'பார்' கொண்ட சுற்றிலும் 3 'கார்டு'களிலும் அடங்கிவிடும். சுருதியைச் சொல்லிவிட்டால் போதும். பகலில் கோப்பு பார்க்கும் எழுத்தரும் இரவில் தேர்ந்த கலைஞரோடு வாசிக்கலாம். தனி ஆவர்த்தனம் போல ஒவ்வொருவருக்கும் முறை வரும். அது முடிந்ததும் ஒலியைத் தணித்து அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். புதியவர்களுக்கு விரல் பழக்கத்தைவிட இந்த அடக்கமே கடினம். அவையில் மைக்கை விட மனமில்லாத உறுப்பினர்களை அன்றாடம் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

துரா தொகுதி எம்.பி.யாக இருந்து 2018-ல் முதல்வரான கான்ராட் சங்மாவும் கிதார் வாசிப்பவரே. பேரவைக் கூட்டம் முடிந்த களைப்பில் அவர் 'அயர்ன் மெய்டன்' பாடலை (அது ராக், ப்ளூஸ் அல்ல) வாசித்த காட்சி 2020-ல் பரவலாகப் பேசப்பட்டது. முதல்வருக்கு அது பொழுதுபோக்கு. வாசித்துப் பிழைக்க விரும்பும் இளைஞருக்கோ மேடையும் வேண்டும், கூலியும் வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களைப் பொது இடங்களில் வாசிக்கவைத்து ஊதியம் அளிக்கும் அடித்தள இசைத் திட்டத்தை அவரது அரசு பின்னர் தொடங்கியது.