அலமாரியைக் காலி செய்தால் போதுமா?

உணவுப் பொருளில் கிருமி கலந்துவிட்டது என்று தெரிந்ததும் சூப்பர்மார்க்கெட் செய்கிற முதல் காரியம் அலமாரியைக் காலி செய்வது. நாளிதழில் வரும் படமும் அந்தக் காலி அலமாரிதான். ஆனால் விற்காமல் கடையில் கிடக்கும் பாக்கெட்டால் யாருக்கும் நோய் வருவதில்லை. விற்றுப்போய் யாரோ ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. அது எந்த வீட்டில் இருக்கிறது என்று தயாரிப்பாளருக்குத் தெரியாது, அரசுக்கும் தெரியாது. தெரிய வாய்ப்புள்ள ஒரே ஆள் பில் போட்ட கடைக்காரர். ஆகவே, பொருளை வாங்கியவரைத் தேடிப் போனதா இல்லையா என்பதை வைத்தே ஒரு கடையின் நடத்தையை எடைபோட வேண்டும். மன்னிப்பு விளம்பரமெல்லாம் அதற்குப் பிறகு.

அமெரிக்காவின் காஸ்ட்கோ இதற்கு நல்ல உதாரணம். 2013 மே மாதத்தில் அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில் ஹெபடைட்டிஸ் ஏ என்னும் கல்லீரல் தொற்று பரவியது. நோயாளிகளை விசாரித்தபோது பலரும் ஒரே பொருளைச் சாப்பிட்டிருந்தார்கள்: காஸ்ட்கோவில் விற்ற, டவுன்சென்ட் ஃபார்ம்ஸ் தயாரிப்பான உறைய வைத்த பழக் கலவை. பாக்கெட்டில் அச்சிட்டிருந்த பெயர் ‘ஆர்கானிக் ஆன்டிஆக்சிடன்ட் பிளெண்ட்’. உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்குகிறவர்களுக்கான சரக்கு. செர்ரி, புளூபெரி, ராஸ்பெரி, ஸ்ட்ராபெரியோடு துருக்கியிலிருந்து வந்த மாதுளை முத்துகளும் அதில் இருந்தன. அந்த மாதுளைதான் காரணம் என்று பின்னர் விசாரணை முடிவுக்கு வந்தது. உறைபனி இந்த வைரஸைக் கொல்லாது. பத்திரமாகப் பாதுகாக்கவே செய்யும். பாக்கெட்டோ மாதக்கணக்கில் ஃப்ரீஸரில் கிடக்கும், நினைத்தபோது ஒரு கைப்பிடி எடுத்து அரைத்துக் குடிப்பார்கள். மே மாத இறுதியில் காஸ்ட்கோ சரக்கை அலமாரியிலிருந்து எடுத்தது. தயாரித்த நிறுவனம் முறைப்படி திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது அதற்குச் சில நாள் கழித்துத்தான்.

காஸ்ட்கோவில் பொதுவாக உறுப்பினர் அட்டை இருந்தால்தான் பொருள் வாங்க முடியும். அதனால் எந்தப் பொருளை எந்த உறுப்பினர் எந்தத் தேதியில் வாங்கினார் என்பது கணினியில் இருந்தது. அந்தக் கலவையை வாங்கியவர்களுக்குக் கடையே நேரடியாகத் தகவல் சொன்னது. தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்தது. இதில் அவசரம் ஏனென்றால், வைரஸ் உள்ளே போன இரண்டு வாரத்துக்குள் ஊசி போட்டால்தான் நோயைத் தடுக்க வாய்ப்பு. நோயின் அறிகுறி வெளியே தெரிய சராசரியாக நான்கு வாரம் ஆகும். உடம்பு சரியில்லை என்று உணர்ந்து டாக்டரிடம் போகும்போது ஊசிக்கான காலம் கடந்திருக்கும். பத்து மாநிலங்களில் 160-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், உயிரிழப்பு இல்லை.

பில் குற்றவாளியையும் காட்டிக்கொடுக்கும். 2009-10இல் அமெரிக்காவில் 44 மாநிலங்களில் 270-க்கும் மேற்பட்டோருக்கு சால்மோனெல்லா தொற்று வந்தது. போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? விசாரணை அதிகாரிகள் நோயாளிகளின் சம்மதத்தோடு அவர்களுடைய கடை அட்டைப் பதிவுகளைப் புரட்டினார்கள். டேனியல் என்ற நிறுவனத்தின் சலாமி இறைச்சி பாக்கெட் பலருடைய பட்டியலிலும் தட்டுப்பட்டது. தோண்டிப் பார்த்ததில் வில்லன் இறைச்சி அல்ல, அதன் மேல் தூவிய மிளகு. எந்த நோயாளிக்கும் நினைவில் நிற்காத பொருள்.

நான் வாங்குவதையெல்லாம் கடை குறித்துவைப்பது என் அந்தரங்கத்தில் தலையிடுவது இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடைகள் ஏற்கெனவே குறித்துவைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. விசாரணை அதிகாரிகளுக்குப் பதிவைக் கொடுக்க வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும். கடை தன் வாடிக்கையாளரைத் தானே அழைத்து எச்சரிப்பதில் பதிவு எவர் கைக்கும் போவதில்லை. நம் ஊர் சூப்பர்மார்க்கெட்டிலும் கேஷ் கவுன்ட்டரில் முதலில் கேட்பது மொபைல் நம்பரைத்தான். தீபாவளித் தள்ளுபடிக்கு மெசேஜ் அனுப்பப் பயன்படும் எண், கெட்டுப்போன பால் பவுடரைப் பற்றிச் சொல்லவும் பயன்படட்டுமே.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பாக்கெட்டில் உள்ள கோடு கோடான பார்கோடு என்ன பொருள் என்று மட்டும் சொல்லும். எந்த பேட்ச் என்று சொல்லாது. எனவே ஒரு பேட்சில் பிழை என்றாலும் அந்தப் பொருளை வாங்கிய எல்லோரையும் கடை அழைக்க வேண்டிவரும். அடிக்கடி வீணாகப் பயமுறுத்தினால் நாளடைவில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். உண்மை. இதற்குத் தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது: க்யூஆர் போன்ற சதுரக் குறியீட்டில் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் சேர்த்துவிடலாம். 2027 முடிவதற்குள் கடை ஸ்கேனர்கள் அதைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. அப்போது பிழையான பேட்ச் தப்பித்தவறி கவுன்ட்டருக்கு வந்தாலும் மெஷினே பில் போட மறுக்கும்படி செய்யலாம்.

தவறு செய்தவர் தயாரிப்பாளர், செலவை மட்டும் கடைக்காரர் ஏன் சுமக்க வேண்டும்? செலவைத் தயாரிப்பாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். வேலையைத் தள்ளிப்போட முடியாது. நம் நாட்டில் உணவுப் பொருளைத் திரும்பப் பெறுவதற்கான 2017ஆம் ஆண்டு விதிமுறைகள், அதற்கான திட்டத்தைக் கையில் வைத்திருக்கும் கடமையைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி ஆகியோருக்கு விதிக்கின்றன. சில்லறை விற்பனை மட்டும் செய்கிறவருக்கு விலக்கு. தெருமுனை மளிகைக் கடைக்கு இந்த விலக்கு பொருந்தும். அங்கே கணினி இல்லை, இருந்தாலும் அண்ணாச்சிக்கு வாடிக்கையாளரின் வீடு தெரியும், பாக்கி நோட்டில் பெயரும் இருக்கும். நூற்றுக்கணக்கான கிளைகளும் லட்சக்கணக்கான மொபைல் எண்களும் வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளுக்கும் அதே விலக்கு எதற்கு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இதெல்லாம் பாக்கெட் பொருளுக்குத்தான்; சாக்கு மூட்டையிலிருந்து அள்ளி எடை போடும் உதிரிப் பருப்புக்கு பேட்ச் எண்ணே கிடையாது. அதை எப்படித் தேடிப் பிடிப்பது என்பது தனிக் கேள்வி.